சியா இலைக்கு விலை பேசிய நாள்

மேடம்,

சியா இலை விற்றுவிட்டது. விதை அல்ல, இலை. இன்று காலை பதினோரு மணிக்கு, ராயக்கோட்டை ரோட்டில் இருக்கும் என் குடோனில் வைத்தே பேசி முடித்தாயிற்று.

வீட்டுக்குப் போன் செய்து சொன்னேன். "தழைக்கா காசு குடுக்கறான்?" என்று கேட்டுவிட்டு, குக்கர் விசில் அடிக்கிறது என்று என் மனைவி வைத்துவிட்டாள். குடோனில் இருக்கிற யாருக்கும் நான் ஏன் இப்படித் துள்ளுகிறேன் என்று புரியவில்லை. உங்களுக்கு மட்டும்தான் புரியும். நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. கேட்க நீங்கள் இல்லாததால் எழுதுகிறேன்.

சோப்புப் போட்டு இரண்டு முறை கழுவியும் கையில் வாசனை போகவில்லை. புதினா மாதிரி, ஆனால் புதினா இல்லை. துளசியும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் கொஞ்சம் மிளகை நசுக்கிப் போட்டதுபோல ஒரு காரம். பத்து நாளாகப் பரணில் நிழலில் காய்ந்துகொண்டிருக்கிறது இலை. புளி வாசனையை ஓரம் தள்ளிவிட்டு என் குடோன் முழுக்க இதுதான். உள்ளே நுழையும்போதெல்லாம் உங்கள் மூக்குதான் நினைவுக்கு வருகிறது. உங்கள் லேபில் மிஷின் சொல்வதற்கு முன் மூக்கு சொல்லிவிடும் உங்களுக்கு.

நாம் முதலில் சந்தித்த கதையை நீங்கள் எத்தனை பேரிடம் சொல்லிச் சிரித்தீர்களோ தெரியாது. இப்போது நானே சொல்கிறேன், கேளுங்கள்.

அந்த வருஷம் வரை நான் ராகி, கொள்ளு, புளி வியாபாரி. கிருஷ்ணகிரி மண்டியில் மூட்டை தூக்கி ஆரம்பித்தவன். எந்தத் தானியத்தையும் கையில் அள்ளினால் ஈரம் எவ்வளவு, தூசி எவ்வளவு என்று சொல்லிவிடுவேன் என்று ஒரு கர்வம். உத்தனப்பள்ளி சென்னப்பா, என்னிடம் வருஷக்கணக்காக ராகி போடுகிறவர், மைசூர் பக்கம் சம்பந்தி வீட்டுக்குப் போய்விட்டு வந்து இரண்டு ஏக்கரில் சியா விதைத்தார். காரணம் கேட்டேன்.

"ராகி போட்டா யானைக்குப் பாதி நமக்குப் பாதிங்க பாய். இந்தத் தழைய ஆடுகூட மோந்து பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்குது" என்றார்.

எட்டு மூட்டை வாங்கினேன். சாம்பல் நிறத்தில் கருப்புப் புள்ளி வைத்த பொடி விதை; சப்ஜா விதைக்குப் பங்காளி மாதிரி இருந்தது. பெங்களூரில் சாம்பிள் காட்டினால், கல்லும் மண்ணும் அதிகம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

கல் என்றால் எங்களுக்குத் தெரிந்தது ஒரே வழி. ராகிக்கு என்ன செய்வோம்? தண்ணீர் ஊற்றி அரிப்போம். கல் அடியில் தங்கும், தானியம் மேலே வரும், வடித்துக் களத்தில் காயப் போடுவோம். குடோனில் ராமக்காவுக்கு நிகராக அரிக்க ஆள் கிடையாது. வேறு யாரையோ திட்டிக்கொண்டே அரிப்பாள், ஒரு கல் தப்பாது. "இதையும் அரிச்சு வெச்சிரு" என்று அவளிடம் சொல்லிவிட்டு ஜும்மா தொழுகைக்குப் போனேன்.

திரும்பி வந்தால் டிரம் நிறைய தவளை முட்டை.

"பாய், இது பெருகிக்கிட்டே போவுது!" என்று முழங்கை வரை வழவழப்போடு நின்றாள் ராமக்கா.

"என்ன பண்ணி வெச்சிருக்க?"

"நான் என்ன பண்ணேன்? தண்ணி ஊத்தினேன், குடிச்சிருச்சு. இன்னும் ஊத்தினேன், அதையும் குடிச்சிருச்சு. உங்க ராகி இப்பிடியா குடிக்கும்? கைய உள்ள வுட்டா வுட மாட்டேங்குது, எங்க வூட்டுக்காரன் மாதிரி."

மற்றப் பெண்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டு மூட்டை விதை போயிற்று, சாக்கடை அடைத்துக்கொண்டது. மிளகில் பப்பாளி விதை கலப்பதையும், புளியில் கொட்டையோடு மண்ணையும் சேர்த்து அழுத்துவதையும் பார்த்த கண் எனக்கு. உடனே தோன்றியது ஒன்றுதான். சென்னப்பா கோந்து கலந்திருக்கிறார். போனை எடுத்து அவரைச் சொல்லக்கூடாததெல்லாம் சொன்னேன்.

"எங்கப்பன் மேல சத்தியமா, என் வேர்வையத் தவிர நான் அதுல ஒண்ணும் கலக்கலைங்க பாய்" என்று அவர் சொல்லச் சொல்ல, நான் வைத்துவிட்டேன்.

அப்புறம்தான் ஒரு பக்கெட்டில் அந்தக் கூழை எடுத்துக்கொண்டு உங்கள் லேபுக்கு வந்தேன். சிப்காட் பின்பக்கம், லேத் பட்டறைக்கு மேல்மாடி. போர்வெல் தண்ணீரும் மாங்கூழும் எண்ணெயும் சோதித்துத் தருகிறவர், பெயின்ட் கம்பெனியில் இருபது வருஷம் கெமிஸ்ட்டாக இருந்துவிட்டுத் தனியாக வந்தவர் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். கீழே லேத் ஓடினால் மேலே உங்கள் கண்ணாடிக் குப்பிகள் எல்லாம் கிணுகிணு என்று நடுங்கும். பக்கெட்டை மேஜைமேல் வைத்தேன்.

"இதுல என்ன கோந்து கலந்திருக்கான்னு பாத்து எழுதிக் குடுங்க மேடம். கேஸ் போடணும்."

நீங்கள் விரலை விட்டு எடுத்தீர்கள். வெளிச்சத்தில் பார்த்தீர்கள்.

"சியாவா?"

"ஆமா."

"தண்ணி ஊத்தினீங்களா?"

"கல்லு அரிக்க ஊத்தினோம்."

நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்களே, அந்தச் சிரிப்பு! கீழே லேத் ஓட்டுகிறவர் மிஷினை நிறுத்திவிட்டு மேலே எட்டிப் பார்த்தார்.

"யாரும் கோந்து கலக்கல பாய். இந்த விதை கோந்தத் தோலுக்குள்ளயே வெச்சுக்கிட்டுத்தான் பொறக்குது. கேஸ் போடறதுன்னா செடி மேலதான் போடணும்."

ஒரே ஒரு விதையைக் கண்ணாடித் தகட்டில் வைத்து, ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, மைக்ராஸ்கோப்பில் என்னைப் பார்க்கச் சொன்னீர்கள். மேடம், அதை நான் இந்த ஜென்மத்தில் மறக்க மாட்டேன். தோலிலிருந்து மெல்லிய இழைகள், நூலை உதறி விட்டதுபோல நாலு பக்கமும் விரிந்தன. கண்ணாடி மாதிரி ஒரு உறை விதையைச் சுற்றி எழுந்து நின்றது. இருபத்தைந்து வருஷம் தானியம் விற்றவன், ஒரு தானியத்துக்குள் என்ன இருக்கிறது என்று அன்றைக்குத்தான் முதல் முறையாகப் பார்த்தேன்.

"இது சர்க்கரைல கட்டின சங்கிலி. ஆனா நம்ம குடலுக்கு அதை உடைக்கத் தெரியாது, அதனால நார்ச்சத்துன்னு பேரு. தன் எடையப்போல பத்து மடங்குக்கு மேல தண்ணியப் பிடிச்சுக்கும். வயித்துக்குள்ள இப்பிடி ஜெல்லி ஆச்சுன்னா, சாப்பிட்ட சோத்துலருந்து சர்க்கரை ரத்தத்துக்குள்ள மெதுவாப் போகும்னு சொல்றாங்க."

"அப்போ சுகருக்கு மருந்தா?"

"சொல்றாங்கன்னு சொன்னேன்."

உங்கள் வாயிலிருந்து வந்த அந்த 'சொல்றாங்க' எவ்வளவு கனமானது என்று எனக்கு அன்றைக்குத் தெரியவில்லை. காசு எவ்வளவு என்று கேட்டேன். காசு வேண்டாம், முதலில் அந்த விவசாயியிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வாருங்கள், அப்புறம் மீதி ஆறு மூட்டைக்கு ரிப்போர்ட் போடலாம் என்றீர்கள். உத்தனப்பள்ளி டீக்கடையில் பத்துப் பேர் முன்னால் மன்னிப்புக் கேட்டேன். சென்னப்பா டீக்குக் காசு கொடுக்க விடாமல், "பரவால்ல வுடுங்க பாய், உங்களுக்கு ராகிதான தெரியும்" என்றார். அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

ஆறு மூட்டையையும் தண்ணீர் படாமல், காற்று ஊதிக் கல்லைப் பிரிக்கும் மிஷினில் விட்டு பெங்களூரில் விற்றேன். அதோடு எனக்குச் சியா பைத்தியம் பிடித்தது. மாதத்துக்கு இரண்டு முறையாவது உங்கள் படியேறினேன். அரைத்துப் பவுடராக விற்கலாம் என்று யோசனை சொன்னபோது நீங்கள் வாயால் பதில் சொல்லவில்லை. ஒரு கைப்பிடி விதையை அரைத்து, மூடாமல் வெயில்படும் ஜன்னலில் வைத்தீர்கள். சில வாரம் கழித்து முகரச் சொன்னீர்கள். புதிதாகப் பெயின்ட் அடித்த கதவு மாதிரி அடித்தது.

"விதை எடையில மூணுல ஒரு பங்கு எண்ணெய். அந்த எண்ணெயில பாதிக்கு மேல ஒமேகா மூணு. ஆளி விதையிலயும் அதேதான். ஆளி எண்ணெயோட இருபது வருஷம் குப்பை கொட்டினவ நான். எந்தக் குணத்தால பெயின்ட் காயுதோ, அதே குணத்தாலதான் இந்த எண்ணெய் காத்துப் பட்டாக் கெடுது. முழு விதையா இருக்கறப்ப ஏன் கெடலை? அதுக்குள்ளயே காவல் வெச்சிருக்கு பாய். ரோஸ்மரினிக் அமிலம், காஃபிக் அமிலம், குவெர்செட்டின், வைட்டமின் ஈ. அரைச்சுத் திறந்து வெச்சா அத்தனை காவலும் வீண்."

இந்தப் பெயர்களை நான் துண்டுச்சீட்டில் எழுதி சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, லாரியில் வரும்போது மனப்பாடம் செய்தது உங்களுக்குத் தெரியாது. எட்டாவதோடு நிறுத்தியவன் வாயில் குவெர்செட்டின் நுழைந்த நாளில், பெரிய லாபம் வந்த நாளைவிட மிதப்பாக இருந்தது. மீனில் இருக்கும் ஒமேகாவும் இதுவும் ஒன்றா என்று ஒரு தடவை கேட்டேன். "இது அதுக்கு அம்மா மாதிரி. உடம்பு இதுலருந்து அதைச் செஞ்சுக்கும், ஆனா கொஞ்சூண்டுதான்" என்றீர்கள். அதற்குள் நான் பாதி ஊரிடம் "மீன் சாப்பிடாதவங்களுக்கு இதுதான் மீன்" என்று சொல்லி முடித்திருந்தேன்.

ஆம், என் வாய். அதைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும்.

சொந்தமாகப் பாக்கெட் போட ஆரம்பித்தபோது அட்டையில் அடித்தேன்: 'சர்க்கரையை விரட்டும். இதயத்தைக் காக்கும். கொழுப்பைக் கரைக்கும்.' பச்சை மையில், இதயம் படம் போட்டு. உங்கள் ரிப்போர்ட் எண்ணையும் கீழே போட வேண்டும் என்று ஆசையாகக் கொண்டுவந்தேன். படித்துவிட்டு அட்டையைத் திருப்பி வைத்தீர்கள்.

"உள்ளே இருக்குன்னு சொல்லுங்க பாய். குணமாகும்னு சொல்லாதீங்க."

"ரெண்டும் ஒண்ணுதான மேடம்? நீங்கதான சர்க்கரை மெதுவா ஏறும்னீங்க?"

"நடுவுல ஒரு மனுஷன் இருக்கான் பாய். அவன் என்ன மாத்திரை போடறான், எவ்ளோ சாப்பிடறான், எவ்ளோ தண்ணி குடிக்கறான்னு உங்களுக்குத் தெரியுமா? ரத்தம் உறையாம இருக்க மருந்து சாப்பிடறவன் இதை டாக்டரைக் கேக்காம அள்ளிச் சாப்பிடலாமா? ஊற வைக்காம முழுங்கித் தொண்டையில போய் ஊறினா யார் பொறுப்பு? சில ஆராய்ச்சியில பிரஷர் கொஞ்சம் இறங்குதுன்னு வருது, சிலதுல ஒண்ணும் இல்லைன்னு வருது. இருக்கறது நம்பிக்கை. அதை மருந்துன்னு விக்காதீங்க."

"எல்லாரும் அப்பிடித்தான் விக்கறாங்க."

"அப்ப அவங்க லேபுக்கே போங்க."

போனேன். இன்னொரு லேபில் ஒரே நாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். விற்பனை ஏறியது. உங்கள் தெரு வழியாகப் போகாமல் சுற்றிக்கொண்டு போனேன். அது எனக்கு நல்ல சீசன் என்று மறைக்காமல் ஒப்புக்கொள்கிறேன்.

பிறகு வேப்பனப்பள்ளியிலிருந்து போன் வந்தது. என் மனைவியின் தம்பி, மாந்தோப்புக் குத்தகை எடுப்பவன். தோப்பிலேயே மயங்கி விழுந்திருந்தான். கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரியில் சர்க்கரை ஏகத்துக்கும் ஏறிவிட்டது என்றார்கள். மாத்திரை சாப்பிட்டாயா என்று டாக்டர் கேட்டதற்கு, சலைன் ஏறிக்கொண்டிருந்த கையோடு என்னைக் காட்டினான்.

"மாத்திரைய நிறுத்தி ஒன்றரை மாசமாச்சு டாக்டர். எங்க மச்சான்தான் சியா குடுத்தாரு. சர்க்கரைய விரட்டும்னு பாக்கெட்லயே போட்டிருக்கு."

டாக்டர் என்னைப் பார்த்தார். "நீங்க டாக்டரா?"

"இல்லைங்க. வியாபாரி."

"அது தெரியுது" என்றார்.

மச்சினன் பிழைத்துக்கொண்டான், அல்லாஹ்வுக்கு நன்றி. நான்காம் நாள் இட்லி கேட்டான். நான் மீதி அட்டைக் கட்டுகளை எடுத்துக்கொண்டு நேராக உங்கள் மாடிக்கு வந்தேன். என்ன நடந்தது என்று சொன்னேன். "நான் அப்பவே சொன்னேன்" என்று நீங்கள் சொல்வீர்கள் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. "மச்சினன் எப்பிடி இருக்காரு?" என்று கேட்டீர்கள். பிறகு ஒரு வெள்ளைத் தாளை இழுத்துப் போட்டு, புது அட்டைக்கு வாசகம் எழுத உட்கார்ந்தீர்கள். நார்ச்சத்து, புரதம், ஒமேகா மூன்று, இவ்வளவு இவ்வளவு. ஊற வைத்துச் சாப்பிடவும். மருந்து எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்கவும். 'மருந்து அல்ல' என்பதை நீங்கள் சின்னதாக எழுத, நான் பேனாவை வாங்கிப் பெரிதாக எழுதினேன். அன்றுதான் என்னைப் பார்த்துப் பழையபடி சிரித்தீர்கள்.

விற்பனை இறங்கியது. அடுத்த சீசனில் மெல்ல ஏறியது. உண்மையைச் சொன்னால் பணம் கொட்டும் என்றெல்லாம் கதை விட மாட்டேன். கொட்டவில்லை, ஆனால் நின்றது.

இலைக் கதை அதற்கு அடுத்த வருஷம். சென்னப்பா வயலைப் பார்க்க வேண்டும் என்று நீங்களே கேட்டு என் வண்டியில் வந்தீர்கள். செடி இடுப்பு உயரம், ஊதாப் பூ எட்டிப் பார்த்த நேரம். பக்கத்து அவரையில் அசுவினிப் பூச்சி அப்பிக் கிடந்தது. சியாவில் அவ்வளவாக இல்லை. ஓர் இலையைக் கசக்கி முகர்ந்தீர்கள், கண்ணை மூடிக்கொண்டு.

"மிளகுல இருக்கிற ஒரு வாசனை இதுல இருக்கு பாய். இந்தத் தழைய என்ன பண்றீங்க?"

"கதிரடிச்சதும் கொளுத்திடுவோம்" என்றார் சென்னப்பா.

"விதைய வித்துட்டு மருந்துக்கடையக் கொளுத்தறீங்க" என்றீர்கள். உடனே நாக்கைக் கடித்துக்கொண்டு, "மருந்துக்கடைன்னு சொன்னது தப்பு. என்ன கடைன்னு திறந்து பாத்துட்டுச் சொல்றேன்" என்று திருத்திக்கொண்டீர்கள். எனக்கும் சென்னப்பாவுக்கும் ஒரே சிரிப்பு. தன் வாயையே தணிக்கை செய்கிற மனுஷி!

உங்கள் செலவில் ஒரு பை இலையை நிழலில் காய வைத்து, ஆவியில் வாசனை எண்ணெய் இறக்கினீர்கள். உங்களிடம் இல்லாத பெரிய மிஷினுக்காகத் தெரிந்த லேபுக்கு அனுப்பினீர்கள். இரண்டு பக்க ரிப்போர்ட் வந்தது. முதல் பக்கம், இலையில் இருப்பவை: ரோஸ்மரினிக் அமிலம், இன்னும் சில ஃபிளேவனாய்டுகள், வாசனை எண்ணெய். இரண்டாம் பக்கம் உங்கள் கையெழுத்தில், தெரியாதவை: மனிதர்கள் சாப்பிட்டால் என்ன ஆகும், எவ்வளவு சாப்பிடலாம், எவ்வளவு நாள் கெடாது. "ஆன்டிஆக்சிடன்ட் இருக்கு. நுண்கிருமிய அடக்கும்னு சோதனைக் குப்பியில பாத்திருக்காங்க. குப்பி வேற, உடம்பு வேற. ஆனா பாய், இதுக்கு ஒருநாள் ஆள் வருவான், பாருங்க" என்றீர்கள். தெரியாததற்கு ஒரு முழுப் பக்கமா என்று நான் கிண்டல் செய்தேன். இலைக்கு யார் காசு கொடுப்பான் என்றும் கேட்டேன். உங்கள் சீல் இருந்ததால் மட்டும் அந்தத் தாளைப் பத்திரப்படுத்தினேன்.

குந்தாரப்பள்ளிச் சந்தையில் புளி பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் நீங்கள் போய்விட்ட செய்தி வந்தது. மாரடைப்பு. நானும் ராமக்காவும் சென்னப்பாவும் ஒரே வண்டியில் வந்தோம். உங்கள் தெருமுனையில், என்னோடு மண்டியில் போட்டி போடுகிற ஓர் ஆள் என் காதருகே வந்தான். "ஹார்ட்டுக்கு நல்லதுன்னு ஊருக்கெல்லாம் வித்தியே பாய். உன் மேடத்துக்கே ஹார்ட்டு போயிடுச்சே?" என்றான்.

முன்பு என்றால் தலை குனிந்திருப்பேன். அன்றைக்கு, "என் பாக்கெட்ல இப்ப அப்பிடி எழுதலையே. வேணும்னா எடுத்துப் படி" என்றேன். அவன் விலகிப் போனான். அழுதுகொண்டே நான் ஒரு விஷயத்தில் நிமிர்ந்து நின்றேன் மேடம். அது நீங்கள் கொடுத்தது.

சரி, இன்றைக்கு வருகிறேன். அதைச் சொல்லத்தானே இவ்வளவும்!

மூன்று வாரம் முன் அத்திப்பள்ளிப் பக்கம் மூலிகைச் சாறு எடுக்கும் கம்பெனியிலிருந்து ஒரு மேனேஜர் விதை கேட்டு வந்தார். சென்னப்பா வயலுக்குக் கூட்டிப் போனேன். நீங்கள் செய்ததை அப்படியே செய்தார்: இலையைக் கசக்கி முகர்ந்தார். "இதை யாராவது டெஸ்ட் பண்ணியிருக்காங்களா?" என்றார். "எங்க மேடம் பண்ணியிருக்காங்க" என்றேன். சாம்பிளுக்கு இலை பறித்துக் காயவைத்தோம். அவர்கள் கம்பெனியும் சோதித்துப் பார்த்தது. உங்கள் முதல் பக்கம் சொன்னவை எல்லாம் இருந்தன.

இன்று காலை விலை பேச வந்தார். சென்னப்பா இருந்தார், ராமக்கா மூட்டைமேல் உட்கார்ந்து புளி உடைத்துக்கொண்டிருந்தாள். கிலோவுக்குத் தொண்ணூறு ரூபாய் என்றார். சென்னப்பாவின் கண் விரிந்தது, என் கண்ணும்தான். அப்புறம்தான் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார்.

"ஒரே ஒரு லெட்டர் பாய், அஷ்டே, அவ்ளோதான். உங்க ஊர்ல பாட்டன் காலத்துலருந்து சுகருக்கு இந்த இலையக் கஷாயம் வெச்சுக் குடிக்கறீங்கன்னு. நாலு பேர் கையெழுத்து."

"பாட்டன் காலமா? இந்தச் செடி எங்க ஊருக்கு வந்து என் பேரன் வயசுகூட ஆகலைங்க. இது மெக்சிகோக்காரச் செடி."

"யாருக்குத் தெரியப்போவுது? லெட்டர் இருந்தா தொண்ணூறு. இல்லைன்னா அறுபது."

"எங்க பாட்டன் பேரைப் போட்டுக்கோங்க சார்" என்றாள் ராமக்கா. "அவரு கள்ளு தவிர ஒண்ணும் குடிச்சதில்ல."

மேனேஜர் சிரித்தாலும் தாளைத் திரும்பப் பையில் வைக்கவில்லை. நான் சென்னப்பாவைப் பார்த்தேன். முப்பது ரூபாய் வித்தியாசம் அவருடையது. இலை பறித்தால் விதை குறையும் என்று தெரிந்தும் அரை ஏக்கரை இதற்கே விட்டிருக்கிறார். அவர் 'போடலாம் பாய்' என்று சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பேன்? சத்தியமாகத் தெரியவில்லை. அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"கலக்காத கோந்துக்கே அன்னிக்கு உங்ககிட்டத் திட்டு வாங்கினேன் பாய். இவரு இப்ப நிஜமாவே கலக்கச் சொல்றாரு. வேணாம்."

மேடம், அந்த நிமிஷம் எனக்குப் பத்து வயசு குறைந்தது! மேஜை டிராயரிலிருந்து உங்கள் இரண்டு தாளையும் எடுத்தேன். முதல் பக்கத்தைத் தள்ளி வைத்து இரண்டாம் பக்கத்தை அவர் முன்னால் விரித்தேன்.

"சார், இத்தனை விஷயம் தெரியாதுன்னு கைப்பட எழுதியிருக்காங்க பாருங்க. தெரியாதத தெரியாதுன்னு எழுதற லேப், இருக்குன்னு எழுதினா அது இருக்கும். நீங்களே டெஸ்ட் பண்ணிப் பாத்துட்டீங்க. பொய் லெட்டர் எந்த ஊர்லயும் தொண்ணூறுக்குக் கெடைக்கும். இந்தப் பேப்பரோட வர்ற இலை இங்க மட்டும்தான் கெடைக்கும். அறுபது கதையாகாது."

வியாபாரி என்றால் வியாபாரிதான். உங்கள் நேர்மைக்கு விலை பேசிவிட்டேன் என்று கோபிக்க வேண்டாம். அவர் வெளியே போய் பெங்களூருக்குப் போன் போட்டார். கால்மணி நேரம். ராமக்கா புளி உடைப்பதை நிறுத்திவிட்டாள். சென்னப்பா பரணையே பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பி வந்தவர் உங்கள் இரண்டாம் பக்கத்தைப் போட்டோ எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். தெரியாதவற்றில் முதல் கேள்வியை அவர்கள் கம்பெனி சோதித்துப் பார்க்கப்போகிறதாம்! நீங்கள் எழுதி வைத்துவிட்டுப் போன கேள்விக்கு யாரோ பதில் தேடப் போகிறார்கள் மேடம்!

உங்கள் மைக்ராஸ்கோப் இப்போது வேறு யாரிடமோ இருக்கிறது. என்னிடம் இருப்பது இரண்டு தாளும் ஒரு பழக்கமும்தான்: எதையாவது விற்க வாய் திறக்கும்போது, இருக்கிறது என்று சொல்லப்போகிறேனா, ஆகும் என்று சொல்லப்போகிறேனா என்று நாக்கு ஒரு நொடி நிற்கும். அந்த ஒரு நொடியில் நீங்கள் இருக்கிறீர்கள்.

பேசி முடித்தது இது: பூ விடும் பருவத்தில் பறித்து நிழலில் காய்ந்த இலை, கிலோ எழுபத்திரண்டு ரூபாய். அதில் ஐம்பத்தைந்து விவசாயிக்கு. இந்த சீசனுக்கு ஐந்நூறு கிலோ. எடை என் குடோன் வாசலில், லாரி அவர்கள் செலவு, பணம் ஏற்றும் அன்றே. ஒவ்வொரு லோடோடும் உங்கள் ரிப்போர்ட்டின் நகல் போகும், இரண்டு பக்கமும் சேர்த்து. மூட்டைமேல் உள்ளே என்ன இருக்கிறதோ அது மட்டும் எழுதப்படும். எந்த வியாதியின் பெயரும் எழுதப்படாது.